இன்டெக்ரினா, கேட்ஹெரினா? இழுப்பை உணர்வது எது?

இரண்டும் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் பிடிப்புப் புரதங்கள். இன்டெக்ரின் தரையைப் பிடிக்கும், அதாவது செல்லுக்கு வெளியே விரிந்திருக்கும் கொலாஜன், ஃபைப்ரோனெக்டின் என்ற புரதங்களின் வலையை. கேட்ஹெரின் பக்கத்துச் செல்லின் கேட்ஹெரினோடு கை கோத்துக்கொள்ளும், அதுவும் கால்சியம் இருந்தால்தான்.

இழுப்பை உணரும் விதத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. செல்லுக்குள் நீளும் இன்டெக்ரினின் வாலில் டாலின் என்ற புரதம், கேட்ஹெரின் பக்கம் பீட்டா-கேட்டனின் என்ற புரதம் வழியாக ஆல்ஃபா-கேட்டனின் என்ற புரதம். செல்லுக்குள் ஓடும் ஆக்டின் இழை இழுக்க, சுமார் 5 பிக்கோநியூட்டன் (நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோநியூட்டன்) விசையிலேயே இவற்றின் மடிப்பு ஒன்று அவிழ்ந்து, உள்ளே ஒளிந்திருந்த இடம் வெளியே தெரியும், உடனே வின்குலின் என்ற புரதம் வந்து ஒட்டிப் பிடியை இறுக்கும். இரண்டு இடத்திலும் அதே வின்குலின்தான்!

சரி, வளர்ச்சி? இன்டெக்ரின் கதை நேரானது: தரை கெட்டியாக இருந்தால் யாப் புரதம் உட்கருவுக்குள் போகும், செல் பெருகும். மென்மையான ஜெல்லில் யாப் உட்கருவுக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

எனக்குப் பிடித்தது கேட்ஹெரின்தான், ஏனென்றால் அது இரண்டு பக்கமும் பேசும். செல்கள் நெருக்கியடித்து நின்றால் பெருக்கம் நிற்கும், அதே அடுக்கை ஆய்வகத்தில் இழுத்து நீட்டினால் தூங்கிக்கொண்டிருந்த செல்கள் மறுபடி பிரிந்து பெருகத் தொடங்கும். பழ ஈயின் சிறகு மொட்டில் (பின்னால் சிறகாக வளரும் திசு) இது இன்னும் தெளிவு. இழுபட்ட ஆல்ஃபா-கேட்டனின் ஜூப் என்ற புரதத்தைப் பிடிக்க, ஜூப் போய் வார்ட்ஸ் என்ற இன்னொரு புரதத்தைக் கட்டிப்போட, வார்ட்ஸ் அடக்கி வைத்திருந்த யார்க்கி (நம் யாப்பின் ஈ வடிவம்) அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிபோல் கிளம்பிவிடும்.