ஒரே மேசையில் இரு பல்கலைக்கழகங்கள்: டர்பன் நகரின் அக்கா கடை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கரிஸ் ஃபவுண்டன் விளையாட்டரங்கிலிருந்து வார்விக் சந்தையை நோக்கி இறங்கும் வழியில், ஒரு தையற்கடைக்கும் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவே ஒடுங்கியிருக்கும் அந்த உணவகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மாணவர்கள் அதை அக்கா கடை என்கிறார்கள்; நானும் அப்படியே எழுதுகிறேன். டர்பனில் நல்ல பன்னி சௌ கிடைக்கும் இடங்கள் பல உண்டு. ஆட்டுக்கறியை மட்டும் வைத்துப் பார்த்தால் இதைவிடச் சிறந்த கடைகள் இரண்டு மூன்றை என்னால் காட்ட முடியும். ஆயினும் நான் இக்கடையைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் வேறு. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகமும் கால்பந்து ஆடி முடித்த மாலையில், இரு தரப்பு ஆட்டக்காரர்களும் அவர்களுக்காகத் தொண்டை கட்டும்வரை கத்திய ரசிகர்களும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து சாப்பிடும் இடம், நான் அறிந்தவரை, இது ஒன்றுதான்.

முதலில் உணவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பன்னி சௌ என்ற பெயரைக் கேட்டுத் தமிழ்நாட்டு வாசகர்கள் தவறாக எண்ண வேண்டாம். பனியா என்ற வணிகர் பெயர் திரிந்து பன்னி ஆயிற்று என்பதே இங்கே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். வெள்ளை ரொட்டியைக் காலாகவோ பாதியாகவோ வெட்டி, நடுப்பஞ்சைத் தோண்டியெடுத்து, அந்தக் குழியில் குழம்பை நிரப்பி, எடுத்த பஞ்சையே மூடியாக மேலே வைத்துத் தருவார்கள். அக்கா கடையில் ஆட்டுக்கறி எலும்போடு வேகிறது, உருளைக்கிழங்கு முக்கால் பாகம் கரைந்து குழம்புக்குக் கனம் கொடுக்கிறது, கறிவேப்பிலையின் மணம் வாசலிலேயே எதிர்கொள்கிறது. டர்பன் குழம்புக்கே உரிய சிவப்பு நிறம் உண்டு; காரமும் அதற்கேற்ப உண்டு. ரொட்டியின் சுவர் குழம்பை உறிஞ்சியும் இடிந்து விழாமல் நிற்பதுதான் இந்த உணவின் கைத்திறன். இங்கே பத்துக்கு ஒன்பது முறை அது நிற்கிறது. சைவர்களுக்கு காத்ரா பீன்ஸ் குழம்பு இருக்கிறது. புரட்டாசி மாதத்திலும் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களிலும் ஊரில் பாதிப்பேர் அதைத்தான் கேட்பதால், அந்த வாரங்களில் அது மிகுந்த கவனத்தோடு சமைக்கப்படுகிறது. என் நாவுக்கு அப்போது ஆட்டுக்கறியைவிட அதுவே மேல். கால் ரொட்டி ஆட்டுக்கறிக்கு நான் கடைசியாகக் கொடுத்தது 90 ராண்டு, பீன்ஸுக்கு 50.

கேரட் துருவலும் வெங்காயமும் பச்சை மிளகாயும் வினிகரில் ஊறிய சம்பலும் கூடவே வரும். இந்தச் சம்பலைப் பரிமாறும் முறையில்தான் கடையின் குணம் தெரிகிறது. கடைக்குள் தனித்தனி மேசைகள் இல்லை. கல்யாண மண்டபத்துப் பந்தியில் போடுவது போன்ற நீண்ட மேசை ஒன்றும், இருபுறமும் முதுகு சாயாத மரப்பலகைகளுமே உள்ளன. சம்பல் தட்டு ஆளுக்கு ஒன்று கிடையாது. எதிரெதிரே அமர்ந்த இருவருக்கு நடுவில் ஒன்று. ஆட்ட நாட்களில் அக்கா ஓர் ஒழுங்கையும் கண்டிப்பாக நடத்துகிறார்: ஒரு பல்கலைக்கழகத்தின் மேலாடை அணிந்தவர்கள் அனைவரும் ஒரு பக்கமாகவே உட்கார வேண்டும், மறு பல்கலைக்கழகத்தார் எதிர்ப்பக்கம். பார்ப்பதற்குப் பிரிவினை போலத் தோன்றினாலும், நடைமுறையில் ஒவ்வொருவருக்கும் எதிரே எதிரணிக்காரர் ஒருவர் அமர்ந்துவிடுகிறார். கைக்குக் கை தட்டை நகர்த்தாமல் யாராலும் சாப்பிட முடியாது. மற்றோர் ஒழுங்கு, வென்ற தரப்பினர் எழுந்து மேசை முழுவதற்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது. வென்றவர் பணம் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் வேறு சில இடங்களில் உண்டு. பேருந்துக்கே எண்ணிச் செலவழிக்கும் மாணவர்களுக்கு அது சங்கடமாகும் என்று அக்கா அதை இங்கே வரவிடவில்லை. தண்ணீர் ஊற்றப் பணம் தேவையில்லை, கொஞ்சம் குனிந்தால் போதும்.

சென்ற ஆண்டு நான் என் பேத்தியோடு அங்கே இருந்த ஒரு மாலையைக் குறிப்பிட வேண்டும். அவள் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அன்று அவர்கள் தோற்றிருந்தார்கள். கடைசி நிமிடங்களில் கைக்கு வந்த பந்தை நழுவவிட்ட கோல் காப்பாளர், தன் அணியினர் எல்லோரும் உட்கார்ந்த பிறகு, தனியாக வாசலில் வந்து நின்றார். அவர் பக்கத்துப் பலகையில் இடமில்லை. இடம் பண்ணித் தரவும் யாருக்கும் தோன்றவில்லை, அவரும் கேட்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ரசிகர் ஒருவர், ஆட்டம் முழுவதும் முரசடித்துக்கொண்டிருந்த சூலு இளைஞர், பலகையில் நகர்ந்து, "ம்ஃபோவெத்து, இங்கே வா" என்று அழைத்தார். சூலு மொழியில் அது 'என் உடன்பிறந்தானே' என்று பொருள்படும். காப்பாளர் உட்கார்ந்ததும் முரசுக்காரர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. முதல் பாதியில் அவர் தடுத்த மூன்று பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக, எந்த மூலைக்கு வந்தது, எந்தக் கையால் தட்டினார் என்பது வரை விவரித்து, "அந்த இரண்டாவதை உள்ளே போய்விட்டது என்றே நினைத்து நான் எழுந்து குதித்துவிட்டேன்" என்று குறைப்பட்டுக்கொண்டார். காப்பாளர் அப்போதுதான் ரொட்டியின் மூடியை எடுத்தார். சொந்த அணியினர் அவரிடம் நழுவிய பந்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த வேளையில், அவர் தடுத்தவற்றைத் தன் இழப்பாக எண்ணி வைத்திருந்தவர் எதிரணிக்காரர் ஒருவர்தான். போட்டியைக் கடந்து நட்பு வருகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். நான் பார்த்தது வேறு: அந்த நட்பு போட்டிக்குள்ளிருந்தே வந்தது. அவ்வளவு கூர்ந்து கவனித்தவன் பகைவனாக நீடிப்பது கடினம். அவர்கள் இருவரும் இப்போதும் ஒன்றாக அக்கா கடைக்கு வருகிறார்கள் என்று பேத்தி சொல்கிறாள். ஆட்ட நாளில் மட்டும் எதிரெதிரே.

என் வயதுக்காரர்களுக்கு இந்த மேசை எளிதாகக் கிடைத்ததல்ல. நிறவெறி ஆட்சியின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களை இனவாரியாகப் பிரித்தபின், 1961இல் இந்தியர்களுக்கென்று டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், பழைய இராணுவக் குடியிருப்புகளில், ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். என் அண்ணன் அங்கே தினமும் படகில் போய்ப் படித்தவர். 1972இல் அது வெஸ்ட்வில் குன்றுக்கு இடம் மாறிய பிறகு நான் சேர்ந்தேன், கால்பந்தும் ஆடினேன். அதே நகரத்தில் வெள்ளையர்களின் நேட்டால் பல்கலைக்கழகம் இருந்தது. நாங்கள் அவர்களை ஒரு முறைகூட எதிர்த்து ஆடியதில்லை. 1973இல் டர்பனில் உருவான தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றம், இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்று முழங்கியது. அந்த முழக்கத்தை நாங்கள் நெஞ்சார ஏற்றுக்கொண்டோம், இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அதன் விலை என்னவென்றால், என் வயதுள்ள ஒரு வெள்ளைக்காரக் காப்பாளரை எதிர்த்து நான் பந்தடித்ததே இல்லை. எதிர்த்து ஆட முடியாதவர்களுக்கு எதிரணியில் நண்பன் எப்படிக் கிடைப்பான்?

தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கதையும் இதுவே. மலபாரிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து பின்னாளில் செல்வரான எம். எல். சுல்தானின் நன்கொடையால் எழுந்த இந்தியர்களின் தொழில்நுட்பக் கல்லூரியும், வெள்ளையர்களுக்கென இருந்த நேட்டால் டெக்னிக்கான் என்ற தொழில்நுட்பக் கல்லூரியும் பக்கத்துப் பக்கத்து வளாகங்கள். அவை 2002இல் இணைந்தன. வெஸ்ட்வில்லும் நேட்டாலும் 2004இல் இணைந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆயின. இன்று அக்கா கடையில் எதிரெதிரே அமரும் இரு தரப்பும், ஒவ்வொன்றுமே, ஒரு காலத்தில் தங்களுக்குள் ஆட முடியாதிருந்த இரு பாதிகளைக் கொண்டவை. இந்த உணவே அக்காலத்தின் குழந்தை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்: கறுப்பின மக்கள் உணவகத்துக்குள் அமரக் கூடாதென்றிருந்த நாட்களில், தட்டும் கரண்டியும் தேவைப்படாதபடி ரொட்டிக்குள்ளேயே குழம்பை ஊற்றி வெளியே கொடுத்தார்கள் என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். அக்காவின் தாத்தாவும் பின்கதவு வழியாகத்தான் கொடுத்தாராம். அந்தப் பின்கதவை அக்கா அடைக்காமல் வைத்திருக்கிறார். இப்போது அது சமையலறைக் காற்றுக்காக மட்டும் திறக்கிறது.

திங்கட்கிழமை இரவுகளில் கடை வழக்கத்தைவிட நேரம் கழித்து மூடுகிறது. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வார்சிட்டி கப் ரக்பி ஆட்டங்கள் அன்றுதான் தொலைக்காட்சியில் வரும். 2008இல் தொடங்கிய அந்தப் போட்டியால் மற்ற மாகாணங்களின் பகைகளும் எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தன. 1911 முதல் மோதிவரும் ஸ்டெல்லன்போஷ், கேப் டவுன் பல்கலைக்கழகங்களின் பெயர்க்கதை எனக்கு மிகவும் பிடிக்கும். கேப் டவுனில் யூத மாணவர்கள் மிகுதி என்று ஸ்டெல்லன்போஷார் இகழ்ந்து அழைத்ததே ஐக்கீஸ் என்றும், ஸ்டெல்லன்போஷாரின் செந்நிற மேலாடையைத் தக்காளியோடு ஒப்பிட்டதிலிருந்து மேட்டீஸ் வந்தது என்றும் சொல்வார்கள். எதிரி சூட்டிய பெயரை இரு தரப்பும் மார்பில் எழுதிக்கொண்டு ஆடுகின்றன. 2014 இறுதியாட்டத்தை நான் இந்த மேசையில்தான் பார்த்தேன். பொட்செஃப்ஸ்ட்ரூமில் சொந்த மண்ணில் ஆடிய வடமேற்குப் பல்கலைக்கழகம், ஆட்டம் முடியும் தறுவாயில் 33-15 என முன்னணியில் இருந்தது. எனக்கு எதிரே அமர்ந்திருந்த கேப் டவுன் பழைய மாணவர் கை கழுவ எழுந்தார். பக்கத்திலிருந்த வடமேற்கு ரசிகர் அவர் கையைப் பிடித்து, "முடியும்வரை இருங்கள், நான் தனியாகக் கொண்டாட வேண்டியிருக்கும்" என்று உட்கார வைத்தார். கேப் டவுன் 39-33 என்று வென்றது. உட்கார வைத்தவர் வெகுநேரம் பேசவில்லை. எழுந்து போக இருந்தவர் அவருக்குத் தண்ணீர் ஊற்றினார்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வண்டி நிறுத்த இடமே இல்லை. வார்விக் சந்திப்பின் நெரிசலில் பழக்கமில்லாதவர்கள் டாக்ஸியில் வந்து இறங்குவது நல்லது. ஆட்ட நாளில் வரிசை தெருவரை நீள்கிறது, அரை மணிக்கு மேல் நிற்க நேரிடும், அதற்குள் ஆட்டுக்கறி தீர்ந்துபோவதும் உண்டு. மின்வெட்டு நேரத்தில் அட்டை இயந்திரம் வேலை செய்யாது; ரொக்கம் கொண்டு போங்கள். முதுகு சாயாத பலகை என்னைப் போன்ற முதியவர்களுக்குக் கடினம். சக்கர நாற்காலியில் வருபவர்கள் வாசற்படியைத் தாண்ட இருவர் உதவ வேண்டியிருக்கிறது. ஒரு சாய்தளப் பலகை போடும்படி அக்காவிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன், இன்னும் போடவில்லை. பெண்கள் அணிகளின் ஆட்டங்களுக்குப் பிறகு இதே கூட்டம் வருவதில்லை என்பது எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது. இந்தக் குறை கடையைச் சேர்ந்ததல்ல, எங்கள் ரசிகர்களைச் சேர்ந்தது. பேத்தி வலைப்பந்து ஆடுகிறாள். அவளுடைய ஆட்டத்துக்குப் பின் மேசையின் பாதி காலியாகவே இருந்தது. அன்றும் எதிரணிப் பெண்கள் இருவர் அவள் எதிரே வந்து அமர்ந்து, சம்பலைக் கேட்டு வாங்கினார்கள்.

முதன்முறை செல்பவர்கள் கால் ரொட்டிக்கு மேல் கேட்க வேண்டாம். மூடியை முதலில் எடுத்துக் குழம்பில் தோய்த்துத் தின்றுவிட்டு, பிறகு மேலிருந்து கீழாகச் சுவரைப் பிய்த்துச் சாப்பிடுங்கள். அடியில் முதலில் கை வைத்தால் குழம்பு மேசையில்தான் போய்ச் சேரும். மேலாடை அணியாமல் போனால் அக்கா உங்களை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று கேட்பார். நான் இரு முறை பேத்தியின் தரப்பைச் சொன்னேன். சென்ற மாதம் எதிர்ப்பக்கம் என்றேன். முரசுக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார்.