குரோம் கழிவுநீர்: சுண்ணாம்பா, காஸ்டிக் சோடாவா, மெக்னீசியம் ஆக்சைடா?

தோலைப் பதனிட, சுழலும் டிரம்மில் போடும் பேசிக் குரோமியம் சல்பேட் என்ற உப்பில் தோல் ஏற்றுக்கொள்வது பெரும்பாலும் 60, 70 சதவீதம்தான். மிச்சம் நீலப்பச்சைத் தண்ணீராக வெளியே வருகிறது. லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் குரோமியம் அதில் இருக்கும். சுத்திகரித்து வெளியே விடும் நீரில் 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) இது அன்றாடப் பிரச்சினை.

சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா, மெக்னீசியம் ஆக்சைடு மூன்றும் செய்வது ஒரே வேலைதான். அமில நீரின் பிஹெச்சை (அமில, கார அளவை) எட்டு, எட்டரைக்கு ஏற்றினால் குரோமியம் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். படிந்த கசடு எப்படிப்பட்டது, அதை என்ன செய்யப்போகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

சுண்ணாம்பு மலிவு. முடி நீக்க எப்படியும் ஆலையில் இருக்கும், ஆட்களுக்கும் பழக்கம். ஆனால் குரோம் நீரில் சல்பேட் நிறைய உண்டு. சுண்ணாம்பு சேர்ந்ததும் ஜிப்சமும் (கால்சியம் சல்பேட்) கூடவே படியும். கசடு பெருகும், குரோமியத்தைச் சுத்தமாகத் திரும்ப எடுக்கவும் முடியாது. காலாகாலத்துக்கும் எங்காவது வைத்துக் காக்க வேண்டிய சுமை அது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். கசடு பெருகுவதைச் சின்ன விஷயம் என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

காஸ்டிக் சோடாவில் ஜிப்சம் தொல்லை இல்லை. ஆனால் கசடு கொழகொழவென்று இருக்கும், கசடைப் பிழியும் ஃபில்டர் பிரஸ் இல்லாமல் தண்ணீர் பிரியாது. கை கொஞ்சம் தாராளமானால் பிஹெச் எகிறும். படிந்த குரோமியம் மறுபடி கரைய ஆரம்பிக்கும்.

என் ஓட்டு மெக்னீசியம் ஆக்சைடுக்கு. மெல்லக் கரைவதால் பிஹெச் எகிறுவதில்லை. கலக்கிவிட்டு ராத்திரி முழுக்க விட்டால், காலையில் கெட்டியான பச்சைக் கசடு அடியில் இருக்கும். மேலே தெளிந்த நீரை இறக்கிவிடலாம். அதே தொட்டியில் கந்தக அமிலம் விட்டால் கசடு கரைந்து மறுபடி பேசிக் குரோமியம் சல்பேட் ஆகும். புதுக் குரோமோடு கலந்து அடுத்த டிரம்முக்குப் போடலாம். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் டேனரிகளில் பரப்பிய முறை இது. மூட்டை விலை சுண்ணாம்பைவிட அதிகம்தான். திரும்பி வரும் குரோம் அதை ஈடுகட்டும். மீட்ட குரோமால் தோல் நிறம் மாறிவிடுமோ என்ற பயம் நியாயமானது. குரோம் நீரைத் தனிக் குழாயில் பிரித்து, நார், கொழுப்பை வடிகட்டி எடுத்தால் அந்தப் பயம் பெருமளவு குறையும். உப்பிட்ட தோலை ஊறவைத்த தண்ணீரோடு குரோம் நீர் கலந்துவிட்டால் இந்த முறையே வீண்.

நீரிலுள்ள உலோகத்தைப் பிடித்துவைக்கும் அயனிப் பரிமாற்றப் பிசின், முலாம் பூசும் பட்டறைகளின் அலசு நீருக்கு நல்லது. டேனரி நீரில் புரதமும் கொழுப்பும் அதை அடைத்துவிடும். இதுவரை சொன்னது பதனிடும் உப்பில் உள்ள மூவிணைதிறன் குரோமியத்துக்கு; ஆறிணைதிறன் குரோமியம் என்ற இன்னொரு வடிவம் என்றால் கதையே வேறு. காரம் சேர்த்தால் மட்டும் அது படியாது. பிஹெச்சை 2, 3க்கு இறக்கி, சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டோ ஃபெரஸ் சல்பேட்டோ சேர்த்து மூவிணைதிறனாக மாற்றிய பிறகே படியவைக்க முடியும்.

சுண்ணாம்பை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். பதனிட்ட தோலைக் கழுவிய நீர்த்த தண்ணீரில் குரோமியம் கொஞ்சம்தான். மீட்கும் செலவு கட்டாது. அதற்குச் சுண்ணாம்பே போதும்.