மூக்கில் ஒரு பள்ளம்: 1/72 பிளெனிம் கிட் கட்டின கதை

ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் போன சித்திரை வருசத்துக்கு ஊருக்கு வந்தபோது, சூட்கேசில் உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து தந்த பெட்டி இது. பிறிஸ்டல் பிளெனிம் மார்க் 4, இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சு விமானம், துண்டு துண்டாக வரும், ஒட்டிக் கட்டுகிற 1/72 அளவு பிளாஸ்டிக் கிட். கட்டி முடிக்க நாலு மாதம் போனது. வாங்கலாமா என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். வாங்கலாம். ஆனால் கண்ணாடித் துண்டுகளில் கை வைக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ.

உண்மையான விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 17 மீற்றருக்குக் கொஞ்சம் கூட. கட்டி முடித்தால் 24 சென்ரிமீற்றர் வரும், பள்ளிக்கூட அடிமட்டத்தைவிடச் சின்னன். வார்ப்பு திறம். இறக்கையும் உடம்பும் சேரும் இடத்தில் மட்டும் மயிரிழை இடைவெளி விழுந்தது. இடைவெளி நிரப்புகிற பட்டி கொஞ்சம் வைத்துத் தேய்த்தேன், போய்விட்டது. மேர்க்குரி எஞ்சினின் ஒன்பது சிலிண்டரும் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. கறுப்படித்துக் காய்ந்த பிறகு வெள்ளிப் பெயின்றை உலர்ந்த தூரிகையில் மெல்லத் தடவுங்கோ, சிலிண்டரின் வரிகள் எல்லாம் எழும்பி வரும். இரண்டு எஞ்சினுக்கும் இரண்டு பின்னேரம் செலவழித்தேன், அவ்வளவு வடிவு.

கஷ்டம் மூக்கில்தான். முழுக்கக் கண்ணாடி, அதுவும் பல துண்டு. சுப்பர் குளூ பாவிக்கவே வேண்டாம், அதன் ஆவி பட்டால் கண்ணாடி பால் மாதிரி மங்கிப்போகும். எனக்கு ஒரு ஜன்னல் அப்படித்தான் போனது. மறுகா தச்சுவேலைக்காரர் பாவிக்கிற வெள்ளைப் பசையைப் பல்லுக்குத்தும் குச்சியில் தொட்டு ஒட்டினேன். காய நேரம் எடுக்கும், ஆனால் பளிங்காக இருக்கும்.

மூக்கைக் கூர்ந்து பார்த்தபோது இடப்பக்கம் மேலே ஒரு பள்ளம் இருந்தது, கரண்டியால் வழித்தெடுத்தது போல. வலப்பக்கம் இல்லை. வார்ப்புப் பிழை என்று நினைத்து, பட்டி வைத்து நிரப்பக் குழைத்தும் விட்டேன். நல்லகாலம், அதற்கு முதல் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். பள்ளம் உண்மையான விமானத்திலேயே இருக்கிறது. மார்க் 1இன் மூக்கு கட்டை. மார்க் 4இல் வழிகாட்டிக்கு இடம் வேண்டும் என்று மூக்கை முன்னுக்கு நீட்டினார்கள். நீட்டினதும் விமானிக்கு முன்பக்கம் மறைத்தது. அதனால் அவர் இருக்கிற இடப்பக்கத்தை மட்டும் குடைந்து விட்டார்கள். ஒரு மனிதனின் பார்வைக்காக வெட்டின பள்ளம். கிட்டில் அதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள், அந்த ஒன்றுக்கே நான் முழுப் புள்ளி கொடுப்பேன்.

பெயின்ற் அடிக்கிற காலம் பார்த்து அடியுங்கோ. ஆடி மாதம் கச்சான் காற்று வீசும்போது, பெயின்றைக் காற்றால் தெளிக்கிற எயார்பிறஷ் எடுத்தேன். பெயின்ற் இறக்கையில் படமுதல் காற்றிலேயே காய்ந்து, மணல் தூவினது போலச் சொரசொரப்பாக வந்தது. எல்லாவற்றையும் தேய்த்தெடுத்துவிட்டு விடியப்புறம் ஐந்து மணிக்கு எழும்பித் திரும்ப அடித்தேன். மேலே பழுப்பும் பச்சையும் கண்ணாடி போல வந்தன.

இந்தக் கிட்டில் எனக்கு உள்ள ஒரே மனத்தாங்கல் ஸ்டிக்கர் தாள். ஐரோப்பாவில் பறந்த விமானங்களின் எழுத்துகள் மட்டும்தான் உண்டு, இலங்கையில் இருந்து பறந்தவற்றின் எழுத்துகள் இல்லை. மட்டக்களப்பில் ஹேர்மிஸ் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1942 ஏப்ரல் 9, எங்கள் கடலில் ஜப்பானிய விமானங்கள் தாட்ட பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், 307 பேர் செத்தார்கள். அன்றைக்கு அந்தக் கப்பலில் ஒரு விமானமும் இருக்கவில்லை. ஆனால் அதே முற்பகல், கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் இருந்து கிளம்பிய பிரித்தானிய விமானப்படையின் 11ஆம் ஸ்குவாட்ரன் பிளெனிம்கள் 9, ஜப்பானியக் கப்பற்படையைத் தேடிப் பிடித்து, 11,000 அடி உயரத்திலிருந்து அக்காகி என்ற விமானந்தாங்கிக் கப்பல் மேல் குண்டு போட்டன. குண்டு தண்ணீரில் விழும்வரை அக்காகியில் இருந்தவர்களுக்கு இவர்கள் வந்ததே தெரியாது. ஒரு குண்டும் படவில்லை. ஒன்பதில் ஐந்து திரும்பி வரவில்லை. ஹேர்மிஸைப் பற்றிக் கதைக்கிற நாங்கள் இவர்களைப் பற்றிக் கதைப்பதே இல்லை. இந்தப் பெட்டியை நான் கட்டினது அவர்களுக்காக. பிரித்தானிய விமானப்படையின் வட்டச் சின்னத்தின் நடுச் சிவப்பை அப்படியே விட்டேன், அந்த ஏப்ரலுக்கு அது சரி. சில மாதத்தால்தான் ஜப்பானியச் சூரியனோடு குழம்பக்கூடாது என்று இந்தப் பக்கத்து விமானங்களில் சிவப்பை எடுத்தார்கள்.

உண்மையான பிளெனிமைத் திருத்தினவர்களையும் கட்டும்போது நினைத்துக்கொண்டேன். இங்கிலாந்தில் 12 வருடம் பாடுபட்டு ஒன்றை 1987இல் பறக்கவிட்டார்கள், ஒரு மாதத்துக்குள் விழுந்து நொறுங்கியது. கனடாவில் கட்டின இன்னொன்றை எடுத்துத் திருத்தி 1993இல் பறந்தார்கள். அதுவும் 2003இல் இங்கிலாந்தின் டக்ஸ்போர்ட் விமானத் திடலில் விழுந்தது. அதையே திரும்பத் திருத்தினார்கள், இம்முறை மார்க் 1 மூக்கோடு. அந்த மூக்கு, போருக்குப் பிறகு ஒருவர் காராக மாற்றி ஓட்டிய மூக்கு. 2014 நவம்பரில் விமானி ஜோன் ரொமெய்ன் அதை மேலே கொண்டுபோனார். மங்கின ஒரு ஜன்னலுக்காக இரண்டு கிழமை பெட்டியை மூடிவைத்த எனக்கு, திரும்பத் திறக்க அந்தக் கதைதான் கை கொடுத்தது.

டச்பாரில் இருக்கிற பெரியப்பா நாற்பது வருசம் கடலுக்குப் போனவர். முடித்த அன்று கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்காமல், மேசையில் வைக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார்.

"மனே, இதில எத்தினை பேர் போறது?"

"மூண்டு பேர், பெரியப்பா."

சுண்டுவிரலை மூக்கின் பள்ளத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார், தொடவில்லை. "இதுக்குள்ளால பார்த்தா அவனுக்குக் கரை தெரியுமோ?"

தெரியும் என்றேன்.