நிக்கோடெமஸும் லாங்ஸ்டனும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் 1877-இல் கான்சாஸில் குடியேறிய நிக்கோடெமஸ், 1890-இல் ஓக்லஹோமாவில் கறுப்பினத்தவருக்கென உருவான லாங்ஸ்டன் ஆகிய இரண்டு ஊர்களின் வரலாற்றிலும் கறுப்பின அரசியல்வாதி எட்வின் மெக்கேப் இடம்பெறுகிறார். மரங்கள் அரிதான சமவெளியில், மண்ணைத் தோண்டி அமைத்த குழிவீடுகளில் முதல் குளிர்காலத்தைக் கழித்த நிக்கோடெமஸ் மக்களுக்கு, வேட்டை முடிந்து திரும்பிய ஒசேஜ் பழங்குடியினரே உணவளித்தனர். குடியேற ஆள்சேர்த்த விளம்பரங்கள் இத்தகைய துன்பத்தைச் சொல்லாமல் விட்டதில் வியப்பில்லை. 1888-இல் ரயில்பாதை ஊரைத் தவிர்த்துச் சென்றதும் வணிகர்கள் பலர் வெளியேறினர். லாங்ஸ்டனையோ 1897-இல் நிறுவப்பட்ட கல்லூரி தாங்கிப் பிடித்தது. எனினும் கறுப்பினத்தவரின் அரசியல் உரிமையில் கான்சாஸே மேலானது: அங்கே மெக்கேப் 1882-இல் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், ஓக்லஹோமாவிலோ, 1907-இல் அது மாநிலமானதும், சட்டமன்றம் முதல் வேலையாக ரயில் பெட்டிகளை நிறவாரியாகப் பிரித்தது.