பத்து நாள் கோடை முகாம்: ஒரு தாயின் மதிப்பீடு

ஒன்பது வயது மகளை இந்த விடுமுறையில் பகல்நேரக் கோடை முகாம் ஒன்றில் சேர்த்தோம். காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை, வாரத்துக்கு ஐந்து நாள்கள் என இரண்டு வாரங்கள் நடந்தது. நீச்சல் தொடங்கி ரோபோட்டிக்ஸ் வரை 14 பயிற்சிகள் என்று விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்தார்கள். அந்த நீளமான பட்டியலைப் பார்த்துத்தான் நானும் பணம் கட்டினேன். இப்போது முகாம் முடிந்த நிலையில், என்னென்ன கற்றுத்தருவீர்கள் என்று கேட்பதற்கு முன்பே, என் குழந்தையோடு நாள் முழுவதும் யார் இருப்பார்கள் என்று கேட்டிருக்க வேண்டும் எனத் தோன்றுகிறது.

பத்து நாளில் 14 பயிற்சிகள் என்றால் பெரும்பாலானவை ஓரிரு வகுப்போடு முடிந்துவிடும். ரோபோட்டிக்ஸ் வகுப்பில் 24 குழந்தைகளுக்கு நான்கு பெட்டிகள். என் மகள் ஒரு சக்கரத்தை மாட்டினாள், மறுநாள் அதைக் கழற்றி வைத்தாள், அவ்வளவுதான். ஆனால் மண்பாண்ட வகுப்பு நாள்தோறும் ஒரு மணி நேரம், ஒரே ஆசிரியையிடம் நடந்தது. முதலில் அவள் செய்த கிண்ணம் காயும்போதே விளிம்பில் வெடித்துவிட்டது. ஆசிரியை அதைத் தூக்கி எறியாமல் உடைத்துக் காட்டி, அடிப்பகுதி தடித்தும் விளிம்பு மெலிந்தும் இருந்தால் விளிம்பு முந்திக் காய்ந்து சுருங்கும், விரிசல் அங்கேதான் விழும் என்று விளக்கியிருக்கிறார். நான்காவது கிண்ணம் வெடிக்கவில்லை. உட்புறம் அவளுடைய கட்டைவிரல் ரேகை பதிந்த அந்தக் கிண்ணத்தில்தான் இப்போது அவளுடைய பென்சில்கள் இருக்கின்றன. ஒரு முகாமிலிருந்து குழந்தை எதைக் கொண்டுவர வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்தக் கிண்ணத்தையே காட்டுவேன்.

நீச்சலுக்கு முழு மதிப்பெண் தருகிறேன். முதல் நாளே ஒவ்வொரு குழந்தைக்கும் நீந்தும் திறன் எவ்வளவு என்று சோதித்து, ஆழத்துக்கேற்பக் குழு பிரித்தார்கள். கண்காணிப்பாளருக்கு நீரைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் கொடுக்கவில்லை. நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடாது, கையசைத்து உதவி கேட்காது என்பதால், கண் எடுக்காமல் பார்க்கும் ஒருவர் கரையில் இருப்பது மிக முக்கியம்.

நீச்சல் குளத்தில் காட்டிய அந்தக் கவனம் திடலில் இல்லாமல் போனதுதான் என் வருத்தம். பகல்நேர முகாமில் 9 முதல் 14 வயது வரையிலான பத்துக் குழந்தைகளுக்குப் பொறுப்பாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவுகோல். ஆறு முதல் எட்டு வயதினருக்கு அது எட்டுக்கு ஒருவர். எங்கள் குழுவின் 24 குழந்தைகளுக்கு இருவர்தான் இருந்தார்கள். ஒருவர் ஒரு குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்றால், மற்றவர் 23 பேரைத் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் உண்டு. என் மகளுக்கு ஆஸ்துமா இருப்பதைப் பதிவுப் படிவத்தில் எழுதி, இன்ஹேலரையும் முதல் நாளே கையில் கொடுத்திருந்தேன். ஆறாம் நாள் முன்னதாக அழைத்துவரச் சென்றபோது, அவள் திடலில் ஓடிக்கொண்டிருந்தாள். இன்ஹேலரோ அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்தது, சாவி வைத்திருந்தவர் வெளியே போயிருந்தார். நல்லவேளையாக அன்று அவளுக்கு மூச்சிரைப்பு வரவில்லை. அவசர மருந்து குழந்தை இருக்கும் இடத்திலேயே, பொறுப்பாளரின் பையில் இருக்க வேண்டும். படிவத்தை நிரப்பிக் கொடுத்ததோடு நின்றுவிடாமல், அதை யார் படித்தார், மருந்து யாரிடம் இருக்கிறது என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் மூன்று நாள்கள் அவள் போக மறுத்து அழுதாள். இதைப் பெற்றோர் எதிர்பார்த்தே இருக்க வேண்டும். வீட்டு ஏக்கம் வராத குழந்தைகள் குறைவு. பிடிக்காவிட்டால் உடனே வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுப்பது, உன்னால் தாக்குப்பிடிக்க முடியாது என்று நாமே சொல்வதுபோல் ஆகிவிடும் என்பதால் குழந்தை உளவியலாளர்கள் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். நான் முதல் நாளே அந்த வாக்கைக் கொடுத்துவிட்டேன். அழுகை மூன்று நாள் நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் மர நிழலில் எந்தப் பயிற்சியும் இல்லாமல் விட்டுவிடுவார்கள். கட்டணம் கட்டியும் நேரம் வீணாகிறதே என்று சில பெற்றோர் குறைப்பட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விளையாட்டின் விதிகளைத் தாங்களே வகுத்து, சண்டையிட்டு, பிறகு தாங்களே சமாதானமாகும் வாய்ப்பு பள்ளி நாள்களில் எத்தனை குழந்தைகளுக்குக் கிடைக்கிறது? மகள் இன்றும் பெயர் சொல்லிப் பேசும் இரண்டு தோழிகள் அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்தவர்கள்.

மண்பாண்டத்துக்காகவும் நீச்சலுக்காகவும் அடுத்த ஆண்டும் அனுப்ப விரும்புகிறேன். மூன்றாவது பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும், மருந்துப் பை குழுவோடு செல்ல வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். மருந்துப் பை குறித்து மறுநாளே ஒப்புக்கொண்டு பதில் அனுப்பினார்கள். மூன்றாவது பொறுப்பாளரைப் பற்றி இன்னும் பதில் வரவில்லை. அது வந்த பிறகே பணம் கட்டுவேன்.