பாயன்ஸி: கரைக்கு வராத படகு

ஆஸ்திரேலிய இயக்குநர் ராட் ராத்ஜெனின் முதல் முழுநீளப் படம் ‘பாயன்ஸி’ (2019). கம்போடியக் கிராமமொன்றில் தந்தையின் நெல்வயலில் கூலியில்லாமல் உழைத்துச் சலித்துப்போன சக்ரா என்னும் 14 வயதுச் சிறுவன், தாய்லாந்தில் தொழிற்சாலை வேலை கிடைக்கும் என்ற பேச்சை நம்பி வீட்டாருக்குச் சொல்லாமல் கிளம்பி, ஒரு மீன்பிடிப் படகில் அடிமையாகச் சிக்குவதுதான் கதை. பெர்லின் திரைப்பட விழாவின் பனோரமா பிரிவில் திரையிடப்பட்டு எக்குமெனிக்கல் (பல கிறித்தவ சபைகளுக்குப் பொதுவான) நடுவர் குழுவின் பரிசைப் பெற்ற இப்படம் ஆஸ்திரேலியத் தயாரிப்பு என்றாலும், பாத்திரங்கள் பேசுவது கெமர் மொழியும் தாய்லாந்து மொழியும்தான்.

குழந்தைக் கடத்தல் என்றதும் நம் படங்களில் ஒரு வேனும் மயக்க மருந்து தோய்த்த கைக்குட்டையும் வந்துவிடும். இதில் யாரும் சக்ராவைத் தூக்கிச் செல்வதில்லை. தரகனுக்குக் கொடுக்கக் காசில்லாததால் வேலை செய்து கழித்துக்கொள்வதாக அவனே ஒப்புக்கொள்கிறான். அந்த ஒப்புதலை வைத்தே அவனை விற்றுவிடுகிறார்கள். செங்குன்றத்துப் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல; அங்கே அதற்கு முன்பணம் என்று பெயர். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் ஆளை விடுவிப்பதோடு அவன் தலையிலுள்ள கடனையும் செல்லாததாக்குவது இதனால்தான்.

காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகும் என் சித்தப்பாவுடன் ராயபுரம் வீட்டில், மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தப் படத்தைப் பார்த்தேன். வலையைக் கொட்டியதும் தளத்தில் பரவிக் கிடந்த பொடி மீன்களைப் பார்த்து, “இன்னாடா இது, இந்தக் கழிவு மீனுக்கா இத்தனை பேரைப் புடிச்சு வெச்சிருக்கான்?” என்று கேட்டார். அதற்குத்தான். தீவனமாக அரைபடப்போகும் மலிவான மீன் அது. அதில் லாபம் பார்க்க வேண்டுமானால் ஆளுக்குக் கூலி கொடுக்க முடியாது. ஆறிய சோற்றையும் அழுக்குத் தண்ணீரையும் காட்டுவதைவிட இந்த மீன் குவியலைத் திரும்பத் திரும்பக் காட்டுவதில்தான் இயக்குநரின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. உழைப்பின் கடுமை எந்தப் படகிலும் உண்டு. ஆனால் நம் ஊரில் டீசலும் ஐஸும் போக மிஞ்சுவதில் ஆட்களுக்குப் பங்கு உண்டு, சில நாளிலோ சில வாரத்திலோ கரையும் உண்டு. சக்ராவின் படகிலோ பிடித்த மீனை வேறொரு படகு வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவதால், தப்பி ஓடுவதற்கு ஒரு துறைமுகம்கூட அவனுக்கு வாய்ப்பதில்லை.

சக்ராவாக நடித்த சாம் ஹெங் பேசுவது மிகக் குறைவு. கண்ணில் இருந்த அச்சம் மெல்ல வடிந்து, தன்னை வதைக்கும் படகுத் தலைவனையே பார்த்துக் கற்றுக்கொள்ளும் இறுக்கம் அங்கே குடியேறுவதை அவர் முகம் காட்டிவிடுகிறது. அந்தத் தலைவனாக வரும் தனாவுத் காஸ்ரோ அவரைவிடவும் ஒரு படி மேலே நிற்கிறார்: கத்தாமல், சில நேரம் கனிவாகக்கூடப் பேசும் அந்தக் கொடூரம் நம் பட வில்லன்களுக்குக் கைவராதது.

படத்தின் பிற்பகுதி எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. நிதானமாக வந்த கதை அங்கே பழிவாங்கலின் வேகத்துக்கு மாறுவது ஒரு குறை என்றால், கொடுமையெல்லாம் படகிலிருக்கும் ஓரிருவரின் குணக்கேடாகச் சுருங்கிவிடுவது அதைவிடப் பெரிய குறை. சட்டவிரோத மீன்பிடிப்பைத் தடுக்கத் தவறியதாகத் தாய்லாந்து மீன்பிடித் தொழில் மீது ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் விதித்த ‘மஞ்சள் அட்டை’ எச்சரிக்கை 2019 ஜனவரியில்தான் விலக்கப்பட்டது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் செய்தியாளர்கள் அடிமைகள் பிடித்த மீன் அமெரிக்கக் கடைகள் வரை சென்றதைத் தடம் பிடித்து எழுதியதும் அதே 2015இல்தான். இவ்வளவு நீண்ட சங்கிலியில் படகின் முதலாளியோ மீனை வாங்குபவரோ படத்தில் முகம் காட்டவே இல்லை.

ஒன்றரை மணி நேரப் படம்தான். கொலைக் காட்சிகள் கடுமையானவை என்பதால் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். கைப்பேசியில் பார்ப்பதையும் தவிர்க்கலாம்: பாதிக் கதையைச் சொல்வது ஓயாத எஞ்சின் இரைச்சல்தான், அது சிறிய ஒலிபெருக்கியில் எடுபடாது.