கோடைக் கார் பயணம்: கோடிக்கரைக் குதிரைகளா, சஹ்யாத்ரியின் எரிமலைப் பாறையா?

கோடை விடுமுறைக்குத் தஞ்சாவூர் வந்திருக்கும் அக்கா பிள்ளைகளில் பெரியவளுக்குக் குதிரை பார்க்க வேண்டும், சின்னவனுக்கு எரிமலை. காரிலேயே போய் இரண்டையும் காட்டிவிட முடியுமா என்று அத்தான் கேட்டார். நான் இரண்டு திசைகளிலும் வண்டி ஓட்டிப் போனவன் என்பதால் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஊட்டியை முதலிலேயே கழித்துவிட்டேன். அங்கே ஏரிக்கரையில் குதிரைச் சவாரி உண்டு. ஆனால் நீலகிரி எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான மலை அன்று. கேட்டது ஒன்று, காட்டுவது ஒன்று என்று சின்னவனை ஏமாற்ற எனக்கு மனமில்லை.

மிஞ்சுவது இரண்டு. ஒன்று நம் டெல்டாவின் தென்கோடியிலேயே இருக்கும் கோடிக்கரை. மற்றொன்று மகாராஷ்டிரத்தில் சஹ்யாத்ரி என்று அழைக்கப்படும் மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள பஞ்ச்கனி, மகாபலேஷ்வர் மலைகள்.

கோடிக்கரைக்கு மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகச் சுமார் 110 கிலோமீட்டர். விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பிவிட வேண்டும். கத்திரி வெயில் ஏறிவிட்டால் விலங்குகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். வேதாரண்யம் தாண்டியதும் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள். கோடைதான் உப்பு வாரும் காலம் என்பதால் சாலையோரம் வெள்ளைக் குவியல்கள் கண்ணைக் கூசவைக்கும். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் நடந்தே வந்து உப்பு அள்ளிய மண் அது. வண்டியை நிறுத்திப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் போகக் கூடாது.

கோடிக்கரை சரணாலயம் 1967இல் வெளிமான்களுக்காக ஏற்பட்டது. அங்குள்ள குதிரைகள் பிறவியிலேயே காட்டு விலங்குகள் அல்ல. எப்போதோ மனிதர் வளர்த்த மட்டக்குதிரைகளின் வழிவந்தவை. தலைமுறை தலைமுறையாகக் காட்டிலேயே பெருகி, கடிவாளத்தை மறந்துவிட்டவை. மான்களுக்கான புல்லை இவை தின்றுவிடுகின்றன, சீமைக்கருவேல நெற்றுகளைத் தின்று சாணத்தின் வழியே விதையைப் பரப்புகின்றன என்ற கவலை நியாயமானது. ஆனாலும் விடியல் வெளிச்சத்தில் புல்வெளியைக் கடந்து ஒரு தாய்க்குதிரையும் குட்டியும் யாரையும் பொருட்படுத்தாமல் நடந்து போவதைப் பார்த்த பிறகு, சேணம் பூட்டிய குதிரையை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

பூநாரைகளை எதிர்பார்க்காதீர்கள், பறவைகளுக்குப் பனிக்காலம்தான் ஏற்றது. மலையும் கிடையாது. இந்த முனையில் மிக உயர்ந்த இடமான இராமர் பாதமே கடல் மட்டத்திலிருந்து 4 மீட்டர்தான். கிளம்புமுன் வனத்துறையிடம் அனுமதி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகாபலேஷ்வருக்கோ ஒருவழியிலேயே 1,100 கிலோமீட்டருக்கு மேல். சேலம், ஓசூர், பெங்களூரு, ஹூப்ளி, பெலகாவி, கோலாப்பூர், சாத்தாரா என்று போகிறது சாலை. போக இரண்டு நாள், வர இரண்டு நாள் ஆகும். எட்டு நாளுக்குக் குறைவாகக் கையில் இருந்தால் இந்த வழியை நினைக்கவே வேண்டாம்.

ஆனால் நிலம் மாறுவதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல சாலை எனக்குத் தெரியாது. சித்ரதுர்கா வரை உருண்டைக் கருங்கற்கள். பெலகாவியைத் தாண்டத் தாண்ட, மலைகள் உச்சி தட்டையாகி, பக்கங்களில் படிக்கட்டு வைத்தாற்போல் தெரியத் தொடங்கும். அந்தப் படி ஒவ்வொன்றும் எரிமலைக் குழம்பின் அடுக்கு. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் வெடிப்புகள் பிளந்து, குழம்பு வழிந்து, ஆறி, அதன் மேல் மறுபடி வழிந்து உண்டான தக்காணப் பாறை அது. கூம்பு மலையும் புகையும் கிடையாது என்பதைச் சின்னவனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஆற்று வண்டலில் பிறந்து, வயலில் ஒரு பாறையைக்கூடப் பார்த்திராத டெல்டாப் பிள்ளைக்கு அந்த அடுக்குகளே போதும். நம் பெரிய கோயிலின் கல்கூட வெளியூரிலிருந்து வந்ததுதானே!

தஞ்சைக்காரர்களுக்கு அங்கே இன்னொரு உறவும் இருக்கிறது. மகாபலேஷ்வரை அடுத்த பிரதாப்கட் கோட்டையடியில்தான் 1659இல் சிவாஜி பீஜாப்பூர் தளபதி அப்சல்கானை வீழ்த்தினார். அவருடைய தம்பி முறையான வெங்கோஜி 1670களில் தஞ்சையைப் பிடித்தார். அந்த மராட்டிய வம்சம் 1855 வரை இங்கே இருந்தது. செங்குத்தான எரிமலைப் பாறையே மதிலாக நிற்கும் நாட்டிலிருந்து வந்தவர்கள், மேடு பள்ளமே இல்லாத இந்தச் சமவெளியில் எப்படித்தான் பழகினார்களோ என்று அந்தக் கோட்டையில் நின்று நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குதிரைக்கு மட்டும் என் ஓட்டு அந்தப் பக்கம் விழாது. பஞ்ச்கனியின் மேட்டுச் சமவெளியில் சவாரிக் குதிரைகள் நிறைய உண்டு, ஆனால் அவை வேலைக்கு நிற்பவை. ஏறத்தான் வேண்டும் என்றால் மாலை வெயில் தாழ்ந்த பிறகு, கால் நொண்டாத, முதுகில் புண் இல்லாத குதிரையாகப் பார்த்து ஏறுங்கள்.

அத்தானுக்குப் பத்து நாள் விடுப்பு இருக்கிறது. ஆகவே முதல் நாள் விடியலில் கோடிக்கரை, மறுநாள் ஓய்வு, அதன் பிறகு சஹ்யாத்ரி என்று சொல்லியிருக்கிறேன். மே கடைசி வாரத்துக்குள் மலையிறங்கிவிட வேண்டும். ஜூனில் பருவமழை பிடித்துவிட்டால் மூடுபனியில் எதிரே இருக்கும் மலைகூடத் தெரியாது.